2097152 என்ன தப்பு செய்தது?

நடந்தது இது:

1. அண்ணிக்கு அரசுத் தேர்வு ஹால் டிக்கெட் வந்தது. நம்பர் 2097152.
2. நீலகிரி மலையில் பிக்கட்டியில் ஜீப் ஓட்டும் என் அண்ணன் அந்த இலக்கங்களைக் கூட்டினார். இருபத்தாறு. இரண்டையும் ஆறையும் கூட்டினார். எட்டு.
3. "எட்டு சனியோட நம்பர். போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.
4. வயது வரம்புப்படி அண்ணிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.
5. அண்ணனிடம் பேசிப் பார்க்க, தங்கை நான் குன்னூரில் பிக்கட்டி பஸ் ஏறினேன்.

அண்ணனைத் திட்டாதீர்கள். கேரட் மூட்டை ஏற்றும் ஜீப்புக்கே, கூட்டினால் அஞ்சு வரும் நம்பருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர். மனைவியின் தேர்வு என்றால் விடுவாரா?

எனக்கோ அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அது பழகிய முகம். இருபத்தொரு இரண்டுகளை வரிசையாகப் பெருக்கினால் வருவது. 128-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினாலும் அதுவேதான். ஒன்றைத் தவிர எந்த ஒற்றைப்படை எண்ணாலும் அதை மீதியில்லாமல் வகுக்க முடியாது. இவ்வளவு ஒழுக்கமான நம்பர் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"பாதியாக்கிட்டே போண்ணா. ஒண்ணு வர்ற வரைக்கும் மீதியே விழாது" என்றேன்.

அண்ணன் போன் கால்குலேட்டரில் பாதியாக்கினார். 1048576. உடனே கூட்டினார். "நாலு வருது அம்மிணி. இது எட்டை விட மோசம்."

"இன்னும் பாதியாக்கு."

நாலாவது பாதியில் 131072. கூட்டினால் அஞ்சு. அண்ணன் முகம் மலர்ந்தது. "பேசாம இந்த நம்பரைக் குடுத்திருக்கலாம்."

அழகு எடுபடவில்லை... சரி, கணக்குக்கு வந்தேன்.

"எட்டு வர்றது ஒரு அதிசயமும் இல்லண்ணா. ஒன்பதால வகுத்தா மீதி எட்டு, அவ்வளவுதான். வரிசையா எந்த ஒன்பது நம்பர் எடுத்தாலும் அதுல ஒண்ணு எட்டுலதான் வந்து நிக்கும். அப்ப ஒன்பது பேருக்கு ஒருத்தர் பரீட்சைக்கு வராம ஊட்டுல இருக்கோணுமா?"

"இருந்தா அவங்களுக்கு நல்லது" என்றார்.

அதுவரை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார்.

"ஏனுங்க... அத்தன பேரு வராம நின்னா எனக்குப் போட்டி கொறையுமல்லங்க? அப்பறம் நான் எதுக்குங்க நிக்கோணும்? நீங்க வண்டி எடுக்காட்டிப் பரவால்லீங்க. மொதப் பஸ்ஸுல போயிக்கறேன்."

இப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஓர் எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். நாம் எங்கே வகுக்கிறோம்? கூட்டிப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறோம்.

தேர்வன்று காலை அண்ணன்தான் ஜீப்பை எடுத்தார். குன்னூரில் தேர்வு மைய வாசல் வரை கொண்டுபோய் விட்டாராம்.

அண்ணி எழுதிவிட்டார். ரிசல்ட் இன்னும் வரவில்லை.