திடலில் அடிபட்டவர்

எந்த விளையாட்டு கஷ்டம் என்ற சண்டை எங்கள் வீட்டில் ஓயாது. என் கணவர் காற்பந்துக் கட்சி. "தொண்ணூறு நிமிஷம் ஓடிப் பாரு லா, அப்பத் தெரியும்" என்பார். நான் பள்ளியில் வலைப்பந்து ஆடியவள். மகள் கபடி. "எனக்கு ஒரே மூச்சுதான்பா. அதுக்குள்ள ஏழு பேருகிட்ட போயிட்டுத் திரும்பி வரணும்" என்று அவரை மடக்குவாள்.

மாநிலக் குழுத் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டதும் சண்டை நிஜமானது. போகக்கூடாது என்றார் அப்பாக்காரர்.

"ஆள் மேல ஆள் விழுற ஆட்டம். கை கால் உடைஞ்சா யாரு பாக்குறது? வலைப்பந்து ஆடட்டும். அதுல யாரும் தொடக்கூட மாட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கணுக்கால் உடைந்ததே வலைப்பந்தில்தான். பந்துக்குத் துள்ளி இறங்கும்போது பாதம் மடங்கியது; பக்கத்தில் ஆளே இல்லை. இவருக்கு மட்டும் என்ன? பெண்டாங் ஊர்த் திடலில் காற்பந்து ஆடும்போது, ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பினார், முழங்காலில் தசைநார் அறுந்தது. யாரும் உதைக்கவில்லை. இன்றும் படியேறினால் முனகல்தான். கபடியில் அடியே படாது என்று சொல்ல மாட்டேன். மகளுக்குச் சிராய்ப்பு உண்டு, ஒருமுறை விரலும் பிசகியது. ஆனால் அவர்கள் விழுவதற்கென்றே தனியாகப் பழகுகிறார்கள். நாங்கள் இருவரும் அதைப் பழகவே இல்லை.

"பொங்கலுக்கு வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

செமிலிங் பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் பொங்கலுக்குக் கபடி உண்டு. டவுனுக்குக் குடிபோன பிள்ளைகளும் அன்றைக்குத் தோட்டத்துக்காகத்தான் ஆடுவார்கள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசியாக என் மகள் பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டுத் திரும்புவதற்குள் நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அடியிலிருந்து "கபடி கபடி" மட்டும் மெலிசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. குவியலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டது.

"என் மக!" என்று கத்திக்கொண்டு இவர் எகிறிக் குதித்தார். இறங்கும்போது முழங்கால் கைவிட்டது. புல்லில் உட்கார்ந்தபடியே கை தட்டினார்.

மகள் ஓடிவந்து அவர் கையைத் தோளில் போட்டுத் தூக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தேர்வுக்குப் போகவாப்பா?"

"போகாம? நானும் வர்றேன், நொண்டிக்கிட்டாச்சும்."

அன்று அந்தத் திடலில் அடிபட்டவர் அவர் ஒருவர்தான். மறுநாள் கிளினிக்கில், எந்த விளையாட்டில் அடிபட்டது என்று டாக்டர் கேட்டார்.

"கபடி" என்றார், கூச்சமே இல்லாமல்.