எங்கள் அம்மா தோலுக்கு மெழுகு பூசியவர்

"இல்லத்தரசி எண்டு போடு, பிள்ளை. அது காணும். அந்த வேலை அவவோடை முடியட்டும்."

அம்மாவின் இந்த நினைவு மலரின் அச்சுப்படியைப் பார்த்துவிட்டுப் பெரியமாமா, அதாவது அம்மாவின் மூத்த அண்ணர், சொன்னது இது. போடமாட்டேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இதைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, கேளுங்கள். எங்கள் அம்மா வெள்ளவத்தையில் தோல் சப்பாத்துகளையும் கைப்பைகளையும் துப்புரவாக்கி, மழைத்தண்ணீர் ஏறாதபடி மெழுகு பூசிக்கொடுத்து எங்களை வளர்த்தவர்.

வடமராட்சியில் பிறந்த அம்மா, அப்பா காலமான பின் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். தொழில் வந்ததோ கனடாவிலிருந்து! அங்கிருந்து வந்து இறங்கும் சொந்தங்கள் பனிச் சப்பாத்தைக் கழற்றி, பழுதாகக்கூடாதென்று பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அலுமாரிக்குள் வைப்பார்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் தோலை அப்படிக் கட்டிவைத்தால் விடுமா? திரும்பிப் போகும் நேரம் பார்த்தால் வெள்ளையாய்ப் பூஞ்சணம். "ஐயோ மாமி, ஏதாவது செய்யுங்கோ!" என்று அம்மாவிடம் ஓடிவருவார்கள்.

அம்மா ஈரத்துணியால் துடைத்து, பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து, நிழலில் காயவிடுவார். பிறகு தேன்மெழுகை எண்ணெயோடு உருக்கி, இளஞ்சூட்டில் விரலால் தேய்ப்பார். பிரஷ் வாங்கித் தந்தாலும் தொடமாட்டார். "தோல் எங்கை குடிக்குது எண்டு விரலுக்குத்தான் தெரியும்" என்பார். மேலே தண்ணீர் தெளித்து, அது உருண்டு ஓடினால்தான் உரியவரிடம் கொடுப்பார்.

ஒருநாள் பெரியமாமா வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"சாமியறை இருக்கிற வீட்டிலை மாட்டுத்தோலோ? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ இது? சனம் என்ன கதைக்கும்?"

மெழுகு ஆறிவிடும் என்று அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கோயிலிலை அடிக்கிற தவில் என்னத்திலையண்ணை செய்தது? பிளாஸ்ரிக்கிலையோ?"

மாமா தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது எனக்கு.

படுக்கையில் விழும்வரை அம்மா வேலையை விடவில்லை. இறுதிச் சடங்குக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மலர்ச்சாலையில் குளிப்பாட்டும்போது, நகத்துக்குள் இருந்த மெழுகுக் கறையைத் தேசிக்காய்ப் பாதியின் புளியால் தேய்க்க ஒருவர் வந்தார். "விடுங்கோ, அது ஊத்தையில்லை" என்று அம்மாவின் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அழுதழுதுதான் சொன்னேன். ஆனால் கையை விடவில்லை. அந்தக் கறையோடுதான் அம்மா போனார்.

அம்மாவுக்கு வேலை அனுப்பி, கடைசியில் பெட்டிக்கும் தோள்கொடுத்த கொம்பனித்தெரு சப்பாத்துக்கடை நானாவுக்கும், ஆஸ்பத்திரியில் எங்களோடு விழித்திருந்த மேல்மாடி அக்காவுக்கும், துயரில் பங்கெடுத்த அனைவருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி. கிரியைகளை ஓடியாடி நடத்தித் தந்த பெரியமாமாவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ஆனால் மாமா, அந்த வேலை அம்மாவோடு முடியவில்லை. நாளை காலையிலிருந்து அம்மாவின் மேசையில் நான் இருப்பேன். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள். உங்கள் சப்பாத்தையும் கொண்டுவாருங்கள்.

மகள்