அத்தையின் ஸ்பானிஷும் என் ஸ்கேலும்

எட்டு வயதில் எனக்கு ஒரு மாணவி வாய்த்தாள். அப்பாவின் தங்கை, சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். அப்படி ஒரு மாணவி எந்த வாத்தியாருக்கும் வாய்க்கக் கூடாது.

ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அப்பா, அந்த வாரமே அத்தையின் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டார். ஸ்பானிஷ் பரீட்சையில் தேறிவிட்டால் விமானம் ஏறலாம். வகுப்பு செல்போனில் நடக்கும். அவள் ஒப்பிக்கும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பது என் பொறுப்பு. அப்பா காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. “அர்த்தத்தப் பாக்காத புள்ள, எழுத்த மட்டும் பாரு. அர்த்தம் பாத்தா பிழை தப்பிச்சிரும்” என்பார்.

மற்ற பாடங்களைக் கடகடவென்று ஒப்பித்த அத்தை, ஒரே ஒரு பாடத்தில் என் உயிரை வாங்கினாள். அதில் அப்படி என்ன கஷ்டம்? ‘ப்ரெகுந்தாரோன்’ என்ற சொல்லின் வாலில் இருக்கும் ‘ரோன்’ என்பதை வெட்டிவிட்டு ரா, ராஸ், ரா, ராமோஸ், ராய்ஸ், ரான் என்று வரிசையாக ஒட்ட வேண்டும். ‘ராமோஸ்’ வரும்போது மட்டும் முந்தைய எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அவளோ ‘ப்ரெகுந்தாரா’ என்று தொடங்கிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். நான் ஸ்கேலால் மேசையைத் தட்டுவேன். “இரு புள்ள, வருது” என்பாள். வராது. எழுதச் சொன்னால் அந்தக் கோட்டையும் விட்டுவிடுவாள். விளையாடப் போக முடியாத எரிச்சலில் ஒருநாள் நான் அழுதே விட்டேன்.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, “அந்தச் சொல்ல வச்சு சொந்தமா ஒரு வாக்கியம் எழுதுங்கத்த” என்றேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரே மூச்சில் எழுதினாள்: ‘கெரீயா கே மி எர்மானோ மே ப்ரெகுந்தாரா.’ அதை என்னிடம் தராமல் அப்பாவிடம் நீட்டினாள். “நீங்க பாருங்கண்ணே.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிச் சொல்லைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். “ஒரு பிழை இல்லம்மா” என்று என்னிடம் கொடுத்தார். நான் சிவப்பு மையில் பத்துக்குப் பத்து போட்டேன். அத்தை சிரிக்கக்கூட இல்லை. இத்தனை நாள் தொண்டை வற்றக் கத்தியதற்கு இதுதான் மரியாதையா என்று எனக்குக் கோபமான கோபம்.

தேறினாள், போனாள். பல வருடம் கழித்து, போன மாதம் பீரோவைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள் அகப்பட்டது. இப்போதுதான் செல்போனில் காட்டினால் தமிழில் சொல்லிவிடுகிறதே. காட்டினேன். ‘என் அண்ணன் என்னிடம் கேட்க வேண்டும் என்று விரும்பினேன்.’ இன்னொருவர் ஒன்றைச் செய்ய மாட்டாரா என்று ஏங்கியதைச் சொல்ல அந்த வினை வடிவம்தான் வேண்டுமாம். போக விருப்பமா என்று அவளிடம் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, “அன்னைக்கே இத தமிழ்ல சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைச் சொல்லி என்ன பயன்? பாடம் மறந்து அவள் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் ஸ்கேலால் மேசையைத் தட்டியது நான்தான்.