சத்தம் போடாத காரில் அண்ணி

மனிதர்களைப் பார்க்கும்போது நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். என் அண்ணி இடுப்புக்குக் கீழேதான் பார்ப்பார். வங்கி வரிசையில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம், "வலது குதிகால் ரொம்ப நாளா வலிக்குதோ?" என்று கேட்டுவிடுவார். அந்த மனிதர் தன் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதைக்கூடக் காதில் வாங்காமல் செருப்பைக் கழற்றிக் காட்டுவார். பெண் பார்க்கப் போன அன்று அண்ணனின் இடது தோள் சரிந்திருந்ததைக் கவனித்து, இதை நிமிர்த்திவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அண்ணி சம்மதித்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. தோள் இன்னும் நிமிரவில்லை. அண்ணியும் விடுவதாக இல்லை.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி உத்தியோகம் இல்லை, வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவர். மூட்டு மாற்றியவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள், இவர்கள்தான் அவருடைய உலகம். நோயாளி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "என் ஆளுங்க" என்பார். ஒரு துணிப்பை நிறைய ரப்பர் பட்டைகள், இரண்டு பந்து, ஒரு பழைய துண்டு. எல்லா விஷயத்திலும் நேர்மையானவர்தான், எண்ணுவதில் மட்டும் நம்ப முடியாது. "ஏழு, எட்டு" என்று வருவார், கால் நன்றாக மேலே போவதைப் பார்த்ததும் மறுபடி "ஏழு" என்பார். "ஏழு அப்பவே வந்துடுச்சேம்மா" என்று யாராவது முனகினால், "அது பாதிதான் தூக்குனீங்க, சேராது" என்று பதில் வரும்.

அவரிடம் ஒரு பெட்ரோல் கார் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அண்ணி ஒரு வீட்டுக்குப் போகிறார் என்றால் அவருக்கு முன்னாலேயே காரின் சத்தம் போய் உட்கார்ந்துவிடும். தெருமுனையில் திரும்பும்போதே அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல், பிறகு ஓர் உறுமல், நிற்கும்போது ஒரு விக்கல். இதன் பலனாக, அண்ணி எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் உள்ளே இருப்பவர் வேர்த்து விறுவிறுத்துப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்.

"எப்பப் போனாலும் செஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க. இப்படி ஆளுங்க கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று சாப்பாட்டு மேஜையில் பெருமைப்படுவார். நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

சிக்கல் மேட்டு வீடுகளால் வந்தது. ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலை. பஸ் கிடையாது. உச்சியில் அண்ணியின் ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் தோள் இறுகிப்போன ஓய்வுபெற்ற டீச்சர். மற்றவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், எல்லோருக்கும் லாரிக்காரர். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில், காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போக ஓர் அம்மா. பக்கவாதத்தில் கை பிழைத்துக்கொண்டது, இடது கால் மட்டும் மக்கர் செய்தது. மாதக்கணக்காக அண்ணி போய்வந்தும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தபாடில்லை. "முடியலைங்க டாக்டரம்மா" என்பார். "நான் டாக்டர் இல்லீங்க" என்பார் அண்ணி. இருவரும் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. மேட்டில் ஏறும்போது பழைய கார் குடிக்கிற குடியைப் பார்த்தால் அதற்கே ஒரு வைத்தியம் பார்க்க வேண்டும் போலிருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ மேட்டு வீட்டுக்காரங்களுக்குப் பயிற்சி கொடுக்கல. பெட்ரோல் பங்க்காரருக்கு மாசாமாசம் மொய் எழுதுற. வர்ற காசுக்கு மேல போகுது. ஒண்ணு மேட்டை விடு, இல்லன்னா காரை மாத்து."

"மேட்டை எப்படிங்க விடறது? டீச்சராவது பரவாயில்ல. அந்த மனுஷன் இன்னும் எழுந்து நிக்கவே இல்ல. நான் போகலைன்னா அந்த நாற்காலியிலயே முடிஞ்சுடும் அவர் கதை."

"அப்போ மின்சாரக் கார்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் கார்களுக்கே கணக்குப் போட்டவருக்குச் சொந்தமாக ஒரு கணக்குக் கிடைத்துவிட்டது.

ஒன்பது மாதம் போட்டார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் போட்டார். மின்சாரக் காரின் விலை அதிகம். ஓட்டும் செலவோ பெட்ரோலில் கால்வாசிகூட இல்லை. எண்ணெய் மாற்ற வேண்டாம், சைலன்சர் கிடையாது. மேடு ஏறும்போது சார்ஜ் மளமளவென்று குறையும், ஆனால் பிரேக்கை அழுத்தி இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும். கூடுதலாகக் கொடுத்த விலையை மிச்சம் பிடித்த பெட்ரோலில் மீட்க ஆறு வருஷம். பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு வருஷம்.

"ஆக, கடைசி ரெண்டு வருஷம் நமக்கு லாபம்" என்றார்.

"அதுவரைக்கும் என் ஆளுங்க யாரு இருப்பாங்க?"

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாம் குணமாகியிருப்பாங்கன்னு சொன்னேன்" என்றார் அண்ணி.

அடுத்தது சார்ஜ் போடும் இடம். நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கார் நிற்பது கீழே, பொதுத் தூணுக்குப் பக்கத்தில். அந்தத் தூணில் ஒரு பிளக் வைத்துக்கொள்ள அண்ணன் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனார்.

"உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார்."

"யாருகிட்டயும் மின்சாரக் கார் இல்லையே."

"இல்லதான். பிளக் இருந்தா வாங்கிடுவாங்கல்ல."

இதற்குப் பதில் கண்டுபிடிக்க அண்ணனுக்கு இன்னொரு மாதம் பிடித்தது. கண்டுபிடித்தபோது செயலாளர் மாறிவிட்டார், புதியவரும் அதையே சொன்னார். கடைசியில் ஷோரூமிலிருந்து ஒரு காரை இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளில் முடிவு செய்வது, இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு மேட்டுக்கு முழுக்குப் போடுவது என்று தீர்மானமாயிற்று.

முதல் நாள் அண்ணி உள்ளூர் வீடுகளுக்குப் போனார். கார் போனதே தெரியவில்லை என்று பூரிப்போடு சொல்லத்தான் நினைத்திருப்பார். சாயங்காலம் திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டி மாத்துன தையல்காரர் சோபாவுல மல்லாந்து படுத்து வேர்க்கடலை தின்னுக்கிட்டிருக்காரு. முட்டிக்கு அடியில தலையணை. வெக்கவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்ன தலையணை. நான் கொடுத்த ரப்பர் பட்டை எங்க தெரியுமா? ஜன்னல் திரையைக் கட்டியிருக்காரு அதால."

"ஒருத்தர்தானே அண்ணி" என்றேன்.

"அஞ்சு வீடு. அஞ்சும் இதே லட்சணம்." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் முன்னாலேயே தெரியுமா?"

அண்ணன் காலண்டர் தாளைத் திருப்பி, அந்தப் பக்கம் ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று தேடினார்.

இரண்டாம் நாள் மேடு. இனி நடந்தது அண்ணி சொல்லிக் கேட்டது. சொல்லும்போது அவரே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டதால், அங்கெல்லாம் நானாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

கார் சத்தமில்லாமல் ஏறி, லாரிக்காரர் வீட்டு முற்றத்தில் நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே லாரிக்காரர் சமையலறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். இடது காலை லேசாக இழுத்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, மறுகையில் டீ டம்ளரோடு. நடுவில் படுத்திருந்த பூனையிடம், "நகரு, வண்டி வருதுல்ல" என்றார். பூனை நகரவில்லை. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். வளைவெல்லாம் நல்ல வளைவு என்று அண்ணி சாட்சி சொல்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கையும் களவுமாகப் பிடித்திருப்பார்கள். முந்தின நாள் ஐந்து வீட்டில் ஐந்து பேர் அசடு வழிந்ததைப் பார்த்த அண்ணிக்கு இங்கே மனசு வரவில்லை. சத்தமில்லாமல் பின்னால் போய், வளைவில் நின்று ஹாரன் அடித்துவிட்டு, மறுபடி ஒழுங்காக வருவது என்று முடிவு செய்தார். ரிவர்ஸ் போட்டார். முன்னால் போகும்போது மூச்சு விடாத அந்தக் கார் பின்னால் போகும்போது மட்டும் பீப் பீப் என்று ஊரைக் கூட்டும் என்பதை ஷோரூம் பையன் சொல்லவில்லை.

உள்ளே ஏதோ உருண்டது. நாற்காலி கிறீச்சிட்டது. பூனை வெளியே ஓடிவந்தது.

அண்ணி போனபோது லாரிக்காரர் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மூச்சு வாங்கியது. டம்ளர் எட்டாத தூரத்தில் ஜன்னல் விளிம்பில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"அப்படியேதான் டாக்டரம்மா. முடியல."

"அந்த டீ?"

"காலையில சமையல்காரம்மா போட்டது."

"ஆவி வருதே."

"நல்ல டம்ளர்" என்றார்.

அண்ணி எதிரே உட்கார்ந்தார். லாரிக்காரர் துண்டை ஒரு தடவை மடித்தார், பிரித்தார்.

"நடக்கறேன்னு தெரிஞ்சா நீங்க வர மாட்டீங்கல்ல" என்றார் கடைசியில். "சமையல்காரம்மாவை விட்டா நீங்க ஒருத்தர்தான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கறது. பூனை ஜன்னல் வழியா வரும்."

"நடக்காட்டியும் இனிமே வர முடியாத நிலைமைதான் ஐயா" என்று அண்ணி உள்ளதைச் சொன்னார். பெட்ரோல், மேடு, அண்ணனின் கணக்கு எல்லாவற்றையும். லாரிக்காரருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். டீசல் எரியும் அருமை தெரிந்தவர். தன்னுடைய சின்னப் பொய்க்கு இத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். சட்டென்று பேச்சை மாற்றி, ஜன்னலைக் காட்டினார்.

"அது என்ன, ஃபிரிட்ஜைப் படுக்க வெச்சு சக்கரம் மாட்டுனாப்பல?"

"அதைப் பாக்கணும்னா எழுந்து வரணும்."

வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லாத சத்தம்" என்றார். ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கிளட்ச் எங்க?"

"கிடையாது."

"கியரு?"

"அதுவும் இல்ல. முன்னால போ, பின்னால போ, அவ்வளவுதான்."

"அப்போ இடது காலுக்கு இதுல என்ன வேலை?"

"ஒண்ணுமே இல்ல. சும்மா இருக்கணும்."

லாரிக்காரர் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். "அது அதுக்கு நல்லா வரும்" என்றார்.

பக்கவாதம் வந்த மறுவாரமே லைசென்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டியவர் அவர். கிளட்ச் மிதிக்கிற காலே போன பிறகு எதற்கு என்று. அன்றைக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காரை நகர்த்தாமலேயே வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த இடத்தில் அண்ணி சிரிக்கவில்லை.

மறுநாள் அண்ணனுக்கு போன் வந்தது. "சார், நீங்க ஏதோ கணக்குப் போட்டு வெச்சிருக்கீங்களாமே."

அண்ணன் காலண்டர் தாள்களை அள்ளிக்கொண்டு மேடேறினார். சொந்த வீடு. முற்றத்தை ஒட்டிய சுவரிலேயே பிளக். அனுமதி கேட்கச் செயலாளர் இல்லை. தினம் ஓடப்போவது கீழே ஊருக்கும் மேலே வீட்டுக்கும். லாரியை விற்ற பணம் வங்கியில் தூங்குகிறது. அண்ணன் ஒன்பது மாதம் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. வீட்டு முகவரி மட்டும்தான் மாறிப்போயிருந்தது.

நேர்மையான மனிதர் என்பதால் அண்ணன் ஒன்றைச் சொல்லத் தவறவில்லை. "கிளட்ச் இல்லாத பெட்ரோல் காரும் இருக்குங்க. விலை குறைவு."

"பெட்ரோல் பங்க் கீழதானே இருக்கு. பிளக் வீட்டுல இருக்கு. ஆறு வருஷம் கழிச்சு லாபம் வருதா வரலையான்னு பாக்க நான் இருந்தா, அதுவே லாபம்தான் சார்."

அண்ணனால் இதைத் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தீர்மானிக்க முடியவில்லை. 'முடியல' என்று மாதக்கணக்காகச் சொன்னவர் அதன் பிறகு செய்த பயிற்சியைப் பார்த்து அண்ணியே, "போதும் ஐயா, மீதி நாளைக்கு" என்று கெஞ்சும்படி ஆயிற்று. டாக்டர் பரிசோதித்து, ஓட்டலாம் என்று சீட்டுக் கொடுத்தார். ஓட்டிக் காட்டும் தேர்வில், தேர்வு வைக்க வந்த அதிகாரிக்கே வளைவில் எப்படித் திரும்புவது என்று இரண்டு யோசனை சொன்னாராம். இருந்தும் பாஸ் போட்டார்கள்.

அண்ணி காரை மாற்றவில்லை. உள்ளூர் ஆட்களுக்குப் பழைய இருமலே போதும் என்று விட்டுவிட்டார். அவர்களும் வழக்கம்போல வேர்க்கிறார்கள். மேட்டுக்குப் போவதும் நின்றது, ஏனென்றால் மேடே இறங்கி வர ஆரம்பித்துவிட்டது. வாரம் இரண்டு நாள் லாரிக்காரரின் மின்சாரக் கார் அடுக்குமாடியின் முன்னால் வந்து நிற்கும். பின் சீட்டிலிருந்து டீச்சர், இறுகிய தோளோடு, "ஸ்பீடு பிரேக்கர்ல பாத்துப் போகக் கூடாதா?" என்று அதட்டியபடி இறங்குவார். அண்ணியின் முன்னறையில் இருவருக்கும் பயிற்சி நடக்கும்.

போன வாரம் லாரிக்காரர் காரிலிருந்து லிஃப்டு வரை நடந்து வந்ததை அண்ணி மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழேதான். பயிற்சி முடிந்ததும் சொன்னார்:

"ஐயா, உங்க கால் இனி என்னைத் தேடாது. வீட்டுல நீங்களே செஞ்சுக்கலாம். வர வேண்டியதில்ல."

லாரிக்காரர் டீச்சரைக் காட்டினார். "அப்போ இவங்களை யாரு கூட்டிட்டு வர்றது?"

"ஆமால்ல" என்றார் அண்ணி.

"தோள் சரியாக இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒழுங்கா செஞ்சா ரெண்டு மாசம்."

"அவசரமே இல்ல டாக்டரம்மா" என்றார் லாரிக்காரர். "பொறுமையா பாருங்க."