அக்கா காருக்கு எவ்வளவு காற்று?

போன ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டேன்.

பெரிய பொய் இல்லை. டயருக்குள் அடைக்கிற காற்றைப் பற்றியது. ஆனால் அந்தக் காற்றை நம்பிக் கார் ஓட்டியது என் அக்கா.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா மாக் மண்டின் தொழிற்பேட்டையில் தன் கணவரோடு, அதாவது மாமாவோடு சேர்ந்து டயர் கடை நடத்துகிறாள். எங்கள் அப்பா, அம்மா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். அக்கா பதினைந்து வயதில் படிப்பை விட்டு ஃபேக்டரி லைனில் போய் நின்றாள். நான் படித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இதை ஏதாவது ஒரு சாக்கில் வாரா வாரம் சொல்லிவிடுகிறேன் என்று உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள்... உண்மைதான். பெருமையாக இருக்கிறது, என்ன செய்வது?

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. தன் கையால் ஒரு கார் கட்ட வேண்டும். கிட் கார் என்பார்கள் — சட்டமும் பாடியும் தனித்தனியாகப் பெட்டியில் வரும். எஞ்சினும் சக்கரமும் ஏதாவது பழைய காரிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். பாதியில் அலுத்துப்போன ஒருவரிடம் அதை வாங்கி, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அக்கா அதில் கொட்டினாள். கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே சீட். மொத்த எடை ஐந்நூற்று ஐம்பது கிலோ — சாதாரணச் சின்னக் காரில் கிட்டத்தட்ட பாதி. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. லாரியில் ஏற்றி, மூடிய மைதானத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

கார் தயார். டயர்?

"இருநூத்தி அஞ்சு போடுவோம்லா," என்றார் மாமா. டயரின் அகலம் அது, மில்லிமீட்டரில். "பின்னாலேர்ந்து பாத்தா புலி மாதிரி நிக்கும்."

"நிக்கறதுக்கா கட்டுனேன்? ஓடணும்ங்க. பதிமூணு இஞ்சி ரிம்முல நூத்தி எண்பத்தஞ்சு போதும்."

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் முறையாகக் கணக்குப் போட்டேன். எடை குறைந்த கார் அகலமான டயரைத் தரையில் போதுமான அளவு அழுத்தாது, டயர் சூடேறாது, சூடேறாத ரப்பர் தரையைப் பிடிக்காது. ஈரத்தில் இன்னும் மோசம், தண்ணீர் மேல் மிதக்கும். அக்கா சொன்னதே சரி என்றேன்.

"பாத்தீங்களா? ஒரு வாரமா நானும் இதைத்தான் கத்துறேன். படிச்சவ வாயிலேர்ந்து வந்தாத்தான் உங்களுக்கு ஏறும்!" என்று அக்கா மாமாவை இடித்தாள். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

நான்கு நாள் கழித்து மதிய இடைவேளையில் அக்காவின் போன். நான் ஃபேக்டரி கேன்டீனில், வாயில் பாதி சோற்றோடு.

"தங்கச்சி, டயரு மாட்டியாச்சு. காத்து எவ்வளவு வைக்கட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. 'தெரியலக்கா, சாயங்காலம் பார்த்துச் சொல்றேன்' — இதைச் சொல்ல எத்தனை வினாடி ஆகும்? மூன்று? வீட்டில் முதலில் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிளினிக் கடிதம், பள்ளி ஃபாரம், வக்கீல் நோட்டீஸ் — எது வந்தாலும் நம் கையில்தான் கொடுப்பார்கள். பதில் நம்மிடம் இருக்கும் என்று அத்தனை நிச்சயமாக முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முகத்திடம் 'தெரியாது' என்று சொல்ல நாக்கு எழும்பாது.

சாதாரணக் காருக்குக் காற்றழுத்தம் முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ. இது லேசான கார், இரண்டு குறைக்கலாம், முப்பது... என்று மனசுக்குள் ஓடியது. முழு எண்ணாகச் சொன்னால் வாய்க்கு வந்ததைச் சொன்ன மாதிரி இருக்கும் இல்லையா?

"இருபத்தொன்பதரை," என்றேன்.

"அரையா! அவ்வளவு துல்லியமாவா கணக்குப் போட்ட?" அக்காவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ம்," என்றேன். அந்த 'ம்'தான் பொய்.

ஞாயிறு காலை கடை வாசலில் பூஜை. அக்கா திருநீற்றைக் குழைத்து, டயர் தரையில் படுகிற முகத்தில், குறுக்கே மூன்று பட்டை இழுத்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, காரை லாரி வரைக்கும் உருட்டினோம். நான் போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். அக்கா மட்டும் குனிந்து டயரைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு பழைய கிடங்கின் சிமெண்ட் மைதானம். மாமாவின் சினேகிதர்கள் தங்கள் கார்களோடு வந்திருந்தார்கள். காலையில் தூறியிருந்ததால் தரை நசநசவென்று இருந்தது.

"மொதல்ல நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க தம்பி," என்றார் தொப்பி போட்ட ஒரு அண்ணன், மாமாவிடம்.

"கட்டுனது அவ. அவதான் ஓட்டுவா," என்றார் மாமா. அன்றைக்கு மாமாவை எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் வளைவு சரியாகத்தான் போனது. இரண்டாவது வளைவில் காரின் பின்பக்கம் தனியாகக் கிளம்பி முன்பக்கத்தைத் துரத்திக்கொண்டு வந்தது. ஒரு முழுச் சுற்று. கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

யாருக்கும் அடியில்லை. நான் மூச்சு விடுவதற்குள் தொப்பி அண்ணனின் குரல் கேட்டது. "சொன்னேன்ல? பொம்பளைங்க கையில ஸ்டியரிங் குடுத்தா அப்படித்தான்லா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா இறங்கி வந்தாள். ஹெல்மெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய், "என்னக்கா ஆச்சு?" என்றேன்.

மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "காத்து ஜாஸ்தி. காலையில எடுத்த படத்தைப் பாரு."

பார்த்தேன். டயரில் திருநீற்றுப் பட்டை இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் அழிந்திருந்தது. காற்று அதிகமாகி டயர் உப்பி, நடுவயிற்றால் மட்டும் தரையைத் தொட்டிருக்கிறது. அகலத்துக்குப் போட்ட கணக்கேதான் இதற்கும் — பாதி எடைக்கு எதற்கு இவ்வளவு காற்று? அகலத்துக்கு யோசித்த நான், காற்றுக்கு யோசிக்கவில்லை.

"காலையிலேயே தெரியுமா? ஏங்க்கா சொல்லல?"

"நீ அரை வரைக்கும் கணக்குப் போட்டுச் சொன்ன. எனக்குத் தெரியாத ஏதோ இருக்கும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு சும்மா நிற்க முடியுமா?

"அண்ணே," என்று தொப்பிக்காரரைக் கூப்பிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, எல்லோரும் திரும்பினார்கள். "ஓட்டுனதுல தப்பில்ல. டயர்ல காத்து தப்பு. அந்த நம்பர் குடுத்தது நான். கணக்கே போடல... வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

மாமா என்னைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. அதுதான் உறைத்தது.

அப்புறம் அவள் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் பட்டை இழுத்து, காரைக் கொஞ்ச தூரம் உருட்டிப் பார்த்தாள். இருபத்து நாலில் ஓரம் வெள்ளை. இருபதில் லேசாக வெள்ளை. பதினெட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சமமாக அழிந்தது. நான் அவள் பின்னாலேயே துணியோடு டயரைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். வேறு எதுவும் என்னிடம் கேட்கப்படவில்லை.

(தயவுசெய்து இதைப் படித்துவிட்டு உங்கள் காரில் காற்றை இறக்கிவிடாதீர்கள்! உங்களுக்கு உங்கள் கார்க் கதவோரம் ஒட்டியிருக்கிற எண்தான்.)

அக்கா மறுபடி ஏறினாள். அதே ஈரம், அதே இரண்டாவது வளைவு. கார் தரையில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. மூன்று சுற்று. ஆறு சுற்று. நிறுத்தவே மனசில்லாமல் எட்டுச் சுற்று.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. சிரிப்பு என் பக்கமும் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது. மன்னித்துவிட்டாளா, மறந்துவிட்டாளா என்று இன்னும் கேட்கவில்லை.

தொப்பி அண்ணன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "கடைசியில எவ்வளவு காத்து வச்சீங்கம்மா?" என்றார்.

பழக்கதோஷம்... அக்காவும் மாமாவும் சேர்ந்தாற்போல என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"பதினெட்டு," என்றாள் அக்கா.

பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது — எந்தப் பரீட்சையும் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை!