குதிகால் ஊன்றாத பிள்ளை

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். செல்லக்கிளியின் காலைப் பார்த்த பிறகும் சிரித்தவர்களை நான் இதுவரை பார்க்கவில்லை.

என் பெயர் சந்திரவல்லி. சொந்த ஊர் போடிநாயக்கனூர். ஐந்து வயதில் என்னை நாட்டியத்துக்கு நிறுத்தினார்கள். முட்டியை மடக்கி அரைமண்டியில் நிற்கும்போது தளர்ந்தால் வாத்தியார் தொடையில் சூடு வைப்பார். கல்யாணக் கச்சேரி, நாடகக் கம்பெனி என்று முட்டி தேயும்வரை ஆடினேன். பிறகு வாத்தியாராகித் தாளம் தட்டும் தட்டுக்கழி என் கைக்கு வந்தது. நானும் இரக்கம் பார்ப்பவள் இல்லை. அழுகிற பிள்ளைதான் ஆடும் என்பது என் கட்சி.

1957 ஐப்பசி. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். பொங்கல் விழாவில் தொழிலாளர் பிள்ளைகளை ஆடவைக்க, புது முதலாளி என்னை ஜீப்பில் அழைத்துப் போனார். நன்றாக ஆடும் ஒருத்தியைத் தன் செலவில் மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்கவைப்பதாகவும் சொன்னார். வந்தது நான்கு பிள்ளைகள். மெட்ராஸ் போகப்போவது செல்லக்கிளிதான் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மா முனியாயி காய் பறிப்பவள்.

"எப்பிடியாச்சும் இவள இந்த மலைய விட்டு எறக்கிருங்க டீச்சர்," என்றாள்.

பழைய ஸ்டோரை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஏலக்காய் உலர்த்துகிற அறை. தரைக்கு அடியில் அடுப்பு. அதன் சூட்டில் மேலே காய் காயும். புது ஸ்டோர் வந்தபின் இது வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது.

சில நாள் கழித்து, ஆடிக்கொண்டிருந்த செல்லக்கிளி நின்றாள்.

"டீச்சர்... தரை சுடுது."

வெளியே பல் கிட்டும் குளிர். குனிந்து தரையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று கணுக்காலில் ஒரு போடு போட்டேன். ஆடினாள்.

மறுநாள் கதவைத் திறந்தால், அறையின் மூலைத் தூசியில் சின்னப் பிள்ளையின் காலடிகள். விரல்கள் மட்டும்தான் பதிந்திருந்தன. குதிகால் இல்லை. இதுகள் ஒளிந்து விளையாடியிருக்கும் என்று நினைத்தேன். சாவி இரவு முழுக்க என் இடுப்பில் இருந்தது. அது அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலேகால். தோட்டத்துச் சங்கு ஊதி அடங்கியது. ஜன்னல் வழியே மஞ்சு மூட்டம் உள்ளே இறங்கியது.

தட்டடவு. பாதம் முழுக்கத் தரையில் அறைய வேண்டும். தட்டு... தட்டு... தட்டு...

திடீரென்று ஏலக்காய் வாசம். பச்சைக் காய் சூட்டில் வதங்கும் வாசம்.

பின்வரிசையில் ஐந்தாவதாக ஒரு பிள்ளை. முகம் தெரியவில்லை. சலங்கை இல்லை. நுனிக்காலில் நின்றாள்.

பேய்க்குக் கால் தரையில் பாவாது. அது எனக்கும் தெரியும். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நான் கழி பிடித்தவள். எனக்கு அது ஆட்டத்தில் பிழையாகத்தான் பட்டது.

"யாருடி அது? குதிகாலை ஊன்று."

ஊன்றவில்லை.

கோபம் வந்தது. பின்னால் போனேன். இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினேன். தோள் ஈரச்சாக்கு மாதிரி இருந்தது.

குதிகால் இறங்கியது.

சொய்ங்...

தோசைக்கல்லில் மாவு விழுந்த சத்தம். தோல் கருகும் நாற்றம்.

அலறல்.

அலறியது அந்தப் பிள்ளை இல்லை...

முன்வரிசையில் செல்லக்கிளி.

என் கைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். இரண்டு குதிகாலும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. மற்ற மூன்று பிள்ளைகளின் கால் சில்லென்றுதான் இருந்தது.

வாட்ச்மேன் மொக்கச்சாமி ஓடி வந்தார். முன்பு அந்த ஸ்டோரில் அடுப்பு எரித்தவர். கொப்பளத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பின்னாடி நின்னுச்சா, தாயி?"

ஐந்தாவது பிள்ளையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. செல்லக்கிளியையும் மற்ற பிள்ளைகளையும் முனியாயி வந்து கொண்டுபோன பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"பழைய வெள்ளைக்காரத் தொரையோட சம்சாரம் அவுக ஊர்ல நுனிக்கால்ல ஆடுனவுக. சின்னதுல குதிகாலுக்கடியில மெழுகுவத்தி வச்சுப் பழக்குனாகளாம். பெரிய பெரிய மேடையில ஆடி, முட்டி போகவும் இங்க வந்துட்டாக. எம் மக வேலுத்தாயிக்குச் சொல்லிக் குடுத்தாக. குதிகால் எறங்குனா சுடணும், அடுப்ப எரின்னாக. புள்ள கத்துச்சு. இன்னும் ரெண்டு கட்டையப் போடுன்னாக. போட்டேன். மேல மயங்கி விழுந்துருச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. அடுப்படியில இருந்த எனக்குத் தெரியல."

அவர் அழவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு அடுப்ப யாருண்ணே எரிச்சது?"

"எங்கிட்டு எரிக்க? புள்ளையப் பொணமா எடுத்த அன்னைக்கே இடிச்சு மண்ணப் போட்டு மூடிட்டேன்."

புண் தை பிறக்குமுன் ஆறிவிட்டது. மெட்ராசுக்கு வேறொருத்தி போனாள். செல்லக்கிளி மலையிலேயே காய் பறிக்கிறாள். நடை, நிலை எல்லாம் நுனிக்காலில்தான். அடுத்த வருஷம் சரிவில் அவளைப் பார்த்தபோது பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.

"குதிகாலை ஊன்றேன்டி."

"நான் ஊன்னுனா வேலுத்தாயிக்குச் சுடுதாம் டீச்சர்."

அந்தப் பெயரை நான் அவளிடம் சொன்னதே இல்லை. மொக்கச்சாமி என்னைத் தவிர யாரிடமும் மகள் பேச்சை எடுத்ததில்லை. அவர் செத்தே பல மாதம் ஆகியிருந்தது.