சுவையற்ற தண்ணீர்

நான்காம் வகுப்பு அறிவியல் தேர்வில், தண்ணீரின் சுவை என்ன என்று கேட்டிருந்தேன். குருசுக்குப்பத்திலிருந்து வரும் ஒரு சிறுமி ‘உப்பு’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் தப்பு போட்டேன்.

“எங்க தெருக் குழாயில உப்பாத்தான் வருது டீச்சர்.”

“புஸ்தகத்துல என்னா போட்டிருக்கோ அத எழுது,” என்று எரிந்து விழுந்தேன். எனக்கென்ன, என் மேசையில் கேன் தண்ணீர் இருந்தது.

அடுத்த தேர்வில் ‘சுவையற்றது’ என்று எழுதினாள். முழு மதிப்பெண் போட்டு, வகுப்பையே கைதட்டச் சொன்னேன்.

அன்று மதியம் கேன் காலி. அவள்தான் தன் பாட்டிலை நீட்டினாள். ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன், விழுங்க முடியவில்லை.

“இப்ப சரியா எழுதிட்டேன்ல டீச்சர்?” என்றாள்.

வாயில் அந்த உப்போடு, ஆமாம் என்று தலையாட்டினேன்.